ஐந்து திர்ஹம் கடையில் ஒரு சிவப்பு போன்

இது உண்மையாக நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். சோலைமுத்து பொய்யே பேசாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. பேசியிருக்கிறார். அவர் சொன்ன ஒரு பொய்யில்தான் இந்தச் சம்பவமே ஆரம்பிக்கிறது.

ஊர் முதுகுளத்தூர் பக்கம். வேலை அபுதாபி ருவைஸ் எண்ணெய் ஆலையில், சாரம் கட்டுவது. மூக்கு நுனியில் கோபம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு கிடைக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் பஸ் பிடித்து துபாய் தேராவுக்கு வந்து, ஒரே ஒரு கடையில்தான் சாமான் வாங்குவார். முகம்மது ரிபாயின் கடை. எதை எடுத்தாலும் ஐந்து திர்ஹம்.

பதினான்கு வருஷப் பழக்கம். அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் இந்தக் கடையில் வாங்கியது. டார்ச், நகவெட்டி, தங்கச்சி கல்யாணத்துக்குக் கொண்டுபோன கண்ணாடிக் கிண்ணங்கள், மனைவியின் கொண்டை ஊசி வரை எல்லாம் இங்கேதான். கடைக்குள் நுழைந்தாலே புது பிளாஸ்டிக்கும் ரப்பர் செருப்பும் மலிவு அத்தரும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை பட்டால் பாதி ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும் அவருக்கு.

இந்த ஆகஸ்டில் போனபோது கடை வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாதக் கடைசியோடு கடை மூடல்.

"என்ன பாய் இது?"

"பில்டிங்க இடிக்கப் போறாங்க சோலை. எல்லாரும் போன்லயே ஆர்டர் போட்டுக்கிறாங்க. நமக்கு எதுக்கு கடை?"

சோலைமுத்துவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, பத்து முறை வைத்துவிட்டுப் பதினோராவது முறை வாங்குகிற சந்தோஷம் போனில் வருமா? இடிக்கிறவனையும் திட்டினார், ஆர்டர் போடுகிறவனையும் திட்டினார். கொஞ்ச நேரத்தில் ரிபாயையே திட்டினார்.

மணி 1:30. தேராவில் கடைகளெல்லாம் மதியத்துக்கு மூடும் நேரம். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பழகிய ஆள் என்பதால் ரிபாய் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.

"நீங்க எடுத்து வைங்க. ஒரு வாய் சாப்புட்டு வந்துர்றேன்."

ஷட்டரைத் தரை வரை இறக்கினார். பூட்டவில்லை. உள்ளே ஒரு ட்யூப் லைட்டும் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன.

இங்கே அந்தப் பொய்யைச் சொல்லிவிட வேண்டும்.

ருவைஸ் கேம்பில் சோலைமுத்துவின் ரூமில் மணிகண்டன் என்று ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தான். திருவாடானைக்காரன். போன லீவுக்கு சோலைமுத்து கிளம்பியபோது, வீட்டில் கொடுக்கச் சொல்லி ஒரு பை தந்தான். ஒரு பால் பவுடர் டின், இரண்டு கவுன், மகள் ராதிகாவுக்கு ஒரு பொம்மை போன். லீவில் போகிறவனிடம் சாமான் கொடுத்துவிடுவது கேம்ப் வழக்கம். மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை.

விமான நிலையத்தில் பெட்டி முப்பது கிலோவைத் தாண்டிவிட்டது. எடுங்கள் என்றார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தார்கள். கோபத்தில் கயிற்றை அறுத்து, கைக்கு முதலில் வந்த மணிகண்டனின் பையை எடுத்து ஒரு தூணருகே வைத்துவிட்டுப் போய்விட்டார். மச்சானுக்கு வாங்கிய சென்ட் பாட்டில்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தன.

திரும்பி வந்ததும் மணிகண்டன் கேட்டான்.

"குடுத்துட்டீங்களாண்ணே?"

"குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அடுத்த ஜூன் மாதம், கேபிள் இழுக்கக் காலி எண்ணெய் டேங்குக்குள் இறங்கியவன் சூட்டில் மயங்கி விழுந்து அங்கேயே போய்விட்டான். மதியம் 2:05.

அன்றிலிருந்து சோலைமுத்துவுக்கு அவன் மேல் கோபம். செத்தவன் மேல் என்ன கோபம் என்று கேட்காதீர்கள். கேட்டுச் சண்டை போடாமல் போய்விட்டான் என்கிற கோபம்தான்.

கடைக்குள் மணி 1:48. கூடையில் ஒரு ஃப்ளாஸ்க், இரண்டு டார்ச், சீப்பு. அதற்கடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. எடுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பொம்மை போன். சிவப்பு உடம்பு, நீல ஏரியல்.

அதைக் கூடையில் போட்டது அவர் இல்லை.

தெரியாமல் விழுந்திருக்கும் என்று பொம்மை அடுக்கில் வைத்துவிட்டு டப்பாக்கள் பக்கம் போனார்.

1:52. ஏசி நின்றது. லைட் மட்டும் எரிந்தது. ஆகஸ்ட் வெயில் ஷட்டர் வழியாகவே உள்ளே இறங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கூடைக்குத் திரும்பினார். டார்ச்சுக்கு மேல்... சிவப்பு போன்.

"யாருடா உள்ள?"

இந்த முறை அதைக் கடையின் கடைசி அடுக்கில், வாளிகளுக்குப் பின்னால் சொருகினார். ஒரு வாளி உருண்டு விழுந்ததற்கும் கோபம் வந்தது.

1:58. ஒரு வாடை. வயரில் சுற்றுகிற கறுப்பு டேப் சூட்டில் இளகிய வாடை. மணிகண்டன் எப்போதும் டேப்பைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாலே அந்த வாடைதான் வரும்.

பின்னால்... சர்ர்க்.

டேப் பிரிக்கிற சத்தம்.

திரும்பினார். யாருமில்லை.

2:03. மூச்சு முட்டியது. டேங்குக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. கூடையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார்.

இருந்தது.

ஓடிப்போய் ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தார். கை பொசுங்கியது. இழுத்தார். அசையவில்லை.

2:05.

ட்ரிங்... ட்ரிங்...

கூடைக்குள் பொம்மை போன் அடித்தது.

ட்ரிங்... ட்ரிங்...

நிற்கவில்லை.

சோலைமுத்துவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. கத்தினார்.

"அன்னைக்கே கேட்டிருக்க வேண்டியதுதானடா. சட்டையப் பிடிச்சுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. கேக்காம செத்துப்போயிட்டு இப்ப வந்து அடிக்கிற?"

ட்ரிங்... ட்ரிங்...

தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லிர்றேன்டா மணி. ஒம் பொஞ்சாதி நாகவள்ளிகிட்ட நானே நேர்ல போயி... தூக்கிப் போட்டது நாந்தான்னு சொல்லிர்றேன்."

சத்தம் நின்றது.

ஏசி ஓடத் தொடங்கியது.

2:20க்கு ரிபாய் ஷட்டரை ஒரு கையால் சாதாரணமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சோலைமுத்து நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தார். ரிபாய் சாமான்களைப் பையில் போடும்போது அந்தப் போனை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கெடந்துச்சு? இந்த மாடல் வர்றது நின்னு ரெண்டு வருஷமாச்சே."

இந்த முறை சோலைமுத்து அதைப் பெட்டியில் வைக்கவில்லை. ஊர் வரை கையிலேயே கொண்டுபோனார்.

நான்காம் நாள் காலை 10:40க்குத் திருவாடானையில் மணிகண்டன் வீட்டு வாசலில் நின்றார். அவன் மனைவி நாகவள்ளி நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவள் காப்பி போட்டு வருவதற்குள், சொல்ல வேண்டியதை மனசுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். டம்ளரை அவள் நீட்டிய நேரத்தில் ராதிகா வந்து கதவோரம் நின்றாள். ஆறு வயசு. அப்பன் முகம் அப்படியே இருந்தது.

போனை எடுத்து நீட்டினார்.

"பாப்பாவுக்கு... நானா வாங்கிட்டு வந்தேன்."

மறுபடியும் பொய். சொன்னதும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"பாத்தீகளா, அவுக போனப்புறமும் நீங்க மறக்கல" என்றாள் நாகவள்ளி. "போன லீவுல நீங்க வரலன்னு நான் அவுககிட்ட போன்ல கேட்டப்ப, சோலை அண்ணே மறந்துருப்பாக, கேட்டா சங்கடப்படுவாகன்னு சொல்லிட்டாக."

சோலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

ராதிகா உறையைக் கிழித்தாள். பட்டனை அமுக்கினாள். சத்தம் வரவில்லை. "அம்மா, அடிக்க மாட்டேங்குது." நாகவள்ளி வாங்கி, பின்பக்கத்து மூடியைக் கழற்றினாள்.

உள்ளே பேட்டரி இல்லை.

பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாள் இருந்தது. நாலாக, எட்டாக மடித்து, கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்தது.

அவள் பிரித்தாள். புருஷன் கையெழுத்தைப் பார்த்ததுமே கை நின்றது. பிறகு மெதுவாக, சத்தமாகப் படித்தாள்.

"ராதிகாக் குட்டிக்கு. ஏர்போர்ட்டுல பிரச்சனை பண்ணுவாங்கன்னு அப்பா பேட்டரியக் கழட்டிட்டேன். அம்மாகிட்ட சொல்லிப் புதுசு போட்டுக்க. இதை சோலை மாமா கொண்டாந்து தருவாக. ரொம்ப தூரத்துல இருந்து வருவாக. அம்மாவக் காப்பி போட்டுக் குடுக்கச் சொல்லு."

கீழே தேதி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட். அந்தப் பையை அவர் தூணருகே வைத்துவிட்டுப் போனதற்கு முந்தின நாள்.

நாகவள்ளி தாளை மடிக்கவில்லை. அழவும் இல்லை. அவரையே பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா இத எங்க வச்சிருந்தீக?"

தூணருகே விட்டுப்போனதைச் சொன்னால், அது எப்படித் திரும்பக் கைக்கு வந்தது என்று கேட்பாள். கடையில் நடந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சோலைமுத்து இன்னும் குடிக்காத காப்பியைப் பார்த்தார்.

அவள் குனிந்து, அவர் கையிலிருந்த காப்பி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.