விருந்தாளிகளுக்குக் கொடுத்த தண்ணீர்

மூடி இறுக்கிய சின்னக் கண்ணாடி பாட்டில்கள். ஐஸ் பெட்டிக்குள் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. உள்ளே தண்ணீர் அவ்வளவு தெளிவு. அந்தத் தெருவில் அப்படி ஒரு தண்ணீர் ஏது என்று அங்கே நின்ற ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது, எல்லோருக்கும் காரில் ஏறினால் போதும் என்றிருந்தது.

அப்போது எனக்கு தேனாம்பேட்டையில் வேலை. வெளிநாட்டு உதவியோடு நடந்த குடிநீர், சுகாதாரத் திட்டம் ஒன்றுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும், நம்மவர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்து மழுப்பலும் என் வாய் வழியாகத்தான் போய் வந்தது. டாக்டரம்மாவை நான் பார்த்தது அந்த வேலையில்தான். மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய ஒரு தெருவில் சின்ன கிளினிக் நடத்தினார். கோயில் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பெண். வாய் மட்டும் மீன் மார்க்கெட்டையே தூக்கி அடிக்கும்.

அந்தத் தெருவின் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. துருப்பிடித்து அங்கங்கே ஓட்டை. விடியற்காலையில் அந்தக் குழாயோடு இணைத்த அடிபம்பை அடித்தால் முதலில் நாற்றம் வரும், பிறகுதான் தண்ணீர் வரும். வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரம் அதே பிள்ளைகள் திரும்பி வருவார்கள். டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழாயைச் சாக்கடையிலிருந்து வெளியே எடுத்து, தள்ளிப் போட வேண்டும். அவ்வளவுதான்.

திட்டக்காரர்கள் வைத்திருந்ததோ வேறு. மக்களுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம். ஏசி ஹாலில் படம் போட்டுக் காட்டினார்கள். டாக்டரம்மா எழுந்துவிட்டார். "கையைக் கழுவு கழுவுங்கறேள். எந்த ஜலத்துல கழுவறதுன்னு சொல்லுங்கோ" என்றார். என் பக்கம் திரும்பி, "அப்படியே சொல்லு அவாகிட்ட. பூசி மெழுகாதே" என்றார். அப்படியேதான் சொன்னேன். வெளிநாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்திருந்த நரைமுடி அம்மாள் சிரிக்கவில்லை. நல்ல மனுஷி, அதையும் சொல்ல வேண்டும். தெருவுக்கே வந்து தண்ணீரைச் சோதிக்கிறோம், கெட்டிருந்தால் திட்டப் பணத்திலேயே குழாயை மாற்றிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார். டாக்டரம்மா அன்று வீடு வரைக்கும் என் கையை விடவே இல்லை. "பாத்தியா, கேட்டா குடுப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர்கள் வந்தது நல்ல உச்சிவேளையில். அடிபம்பில் அந்நேரம் காற்றுதான் வரும். அதனால் வீடு வீடாகப் போய், குடிக்கிற தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி பாட்டிலில் நிரப்பினார்கள். எல்லா வீட்டிலும் சிரித்த முகத்தோடு கொடுத்தார்கள். கோடி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த அக்கா, கையிலிருந்த ரவிக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, எவர்சில்வர் சொம்பைக் கழுவித் துடைத்து, நிறைய ஊற்றிக் கொடுத்தார். அவருடைய சின்னப் பெண், ஐந்தாம் வகுப்போ என்னவோ, அந்த நரைமுடி அம்மாளுக்கு குட்மார்னிங் சொல்லிவிட்டு வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள்.

ரிசல்ட் வந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

டாக்டரம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே தையல் அக்காவிடம் போனார். அந்த அக்கா பெருமையாகவே சொன்னார். "நாங்க எல்லாம் சேந்து கேன் தண்ணி வாங்கி வச்சோம் டாக்டரம்மா. ஆளுக்குக் கொஞ்சம் ஊத்திக்கினோம். அவ்ளோ தொலவுலேந்து வந்துகீறாங்க, அந்த நாத்தத் தண்ணியவா குடுப்பாங்க? நம்ம தெருவப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

இதற்கு யாரைத் திட்டுவது? வீடு தேடி வந்தவர்களுக்கு இருப்பதில் நல்லதைக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். அந்தத் தெருவே அதைத்தான் செய்திருக்கிறது. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, போய்ச் சொல்லிடலாம். இன்னொரு தரம் எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றார்.

சரியாகப் போகவில்லை. நடந்ததை விளக்கி, விடியற்காலையில் பம்படியிலேயே வந்து தண்ணீர் எடுங்கள் என்று கெஞ்சினோம். நரைமுடி அம்மாளுக்குப் புரிந்தது, ஆனால் உள்ளூர்த் தரப்பு எழுதிக் கேட்டால்தான் மறுபடி வர முடியும் என்றார். உள்ளூர்த் தரப்பு என்றால் எங்கள் அதிகாரி. அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நல்ல ரிசல்ட் வந்திருக்கு. எதுக்கு மேடம் நாமளே நம்ம பேரக் கெடுத்துக்கணும்?" என்றார். டாக்டரம்மா தானே விடியற்காலையில் பம்படியில் தண்ணீர் பிடித்து லேபுக்குக் கொண்டுபோனார். தனியார் கொண்டுவந்த தண்ணீர் கணக்கில் சேராதாம். குழாய்க்கான பணம் வேறு ஊருக்குப் போயிற்று. அந்தத் தெருவுக்குச் சோப்பு வந்தது, பெட்டி பெட்டியாக, கை கழுவும் படம் போட்ட உறையோடு.

ஐப்பசி மழையில் கால்வாய் ததும்பியது. வாந்தி பேதியில் முதலில் கிழவர்கள் விழுந்தார்கள், பிறகு பிள்ளைகள். தையல் அக்காவின் சின்னப் பெண்ணை டாக்டரம்மாவே ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்தக் குழந்தை திரும்பி வரவில்லை.

அப்புறம் பாருங்கள் வேகத்தை! பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது, வேட்டி மடிப்பு கலையாத பெரிய மனிதர்கள் வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் லாரி நிறையப் புதுக் குழாய் வந்து இறங்கியது. எந்த நாட்டு உதவியும் தேவைப்படவில்லை. சோதனை, வாக்கு, கையெழுத்து ஒன்றும் தேவைப்படவில்லை. சாக்கடைக்கு எதிர்ப்பக்கம் பள்ளம் தோண்டி, குழாயை இறக்கி, மண்ணைத் தள்ளி மூடினார்கள். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதி முடிந்துவிட்டது.

இப்போதும் நான் இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், வயிற்றுப் பிழைப்பு. தி.நகரில் போன மாதம்கூட ஒன்று. திரையில் கை கழுவும் படம் ஓடியது. எழுந்து கேட்க டாக்டரம்மா இல்லை, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் குழாய் பதித்த நாள்தான் ஞாபகம் வந்தது.

அன்று தையல் அக்கா வாசல்படியில் உட்கார்ந்து, காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் அந்த வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. டாக்டரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். அந்த அக்கா பள்ளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இவ்ளோதானா டாக்டரம்மா வேல?"