தட்டில் ஒரு ஊக்கு

இன்று எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆள் வந்தார்!

(சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இது பெரிய செய்தி.)

புதிதாகப் படிப்பவர்களுக்காக: வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். முன்பு பட்டாசுக் கம்பெனி கேட்டில், உள்ளே போகிறவர்களைச் சோதிக்கும் வேலை பார்த்தார்.

வேலை போய்விட்டது. சோதனை போகவில்லை.

வீடு முழுக்க வெடிமருந்து இருக்கிறது என்று ஒரு குரல் அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை அந்தக் குரலைத் தணித்திருக்கிறது, நிறுத்தவில்லை. ஊரில் எங்காவது பட்டாசு சாம்பிள் வெடித்துப் பார்க்கும் சத்தம் கேட்டாலே, "நான் சோதிக்காம விட்ட ஆளு கொண்டுபோனதும்மா" என்று அழுவார்.

அதனால் பகலெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் எவர்சில்வர் தட்டோடு உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும், "செல்லு, தீப்பெட்டி எல்லாத்தையும் இதுல போட்டுட்டுப் போங்க."

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். போன வாரம் சாத்தூரிலிருந்து சித்தி மகன், தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான்.

"யாருகிட்டண்ணே சோதனை? என்னையத் தெரியலையா?"

"தெரியுது தம்பி. செல்லைப் போடு."

அவன் போடவில்லை. வாசலிலேயே பத்திரிகையை என் கையில் திணித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்கிடாதீகக்கா. நீங்க மட்டும் வாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரக ஏதும் நெனைப்பாக" என்றான்.

நான் மட்டும் போனால் அண்ணனை யார் பார்ப்பது? அதை அவன் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டான்.

வீட்டிலிருந்தே ஒரு காலண்டர் அச்சகத்துக்குப் ப்ரூஃப் பார்க்கிறேன். அடுத்த வருடத்து முகூர்த்த நாளெல்லாம் எனக்கு இப்போதே அத்துப்படி! (எதற்கும் போக முடியாது என்பது வேறு விஷயம்.)

இன்று வந்தவர், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஃபரீதா. கணவருக்குப் பஜாரில் பாத்திரக் கடை. கறிவேப்பிலை கேட்டு வந்தார். அண்ணன் தட்டை நீட்டினார். நான் வழக்கமான மன்னிப்போடு உள்ளேயிருந்து ஓடிவந்தேன்.

அதற்குள் ஃபரீதாவின் செல்போன் தட்டில் இருந்தது!

"அண்ணே, முக்காட்டுல ஊக்கு குத்திருக்கேன். இரும்பு. அதையும் போடணுமா?"

அண்ணன் யோசித்தார். "போட்டுருங்க. ஒரசுனா பொறி வரும்."

"ஆமா, வந்துட்டா எம்புட்டு வம்பு!" கழற்றிப் போட்டார்.

"உள்ள போகலாம்." அண்ணன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஃபரீதா உட்கார்ந்தார். டீ குடித்தார். குழாயில் தண்ணீர் வராதது, மகளின் டியூஷன், வெயில் என்று என்னென்னவோ பேசினோம். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கென்று எத்தனையோ வருடமாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். வீணாகிவிட்டது!

(பதற்றத்தில் டீயில் சர்க்கரை போடவில்லை என்பது, என் டம்ளரைக் குடித்தபோதுதான் தெரிந்தது. அவர் டம்ளர் காலியாக இருந்தது.)

போகும்போது கறிவேப்பிலையையும் செல்லையும் எடுத்துக்கொண்டார். ஊக்கை மறந்துவிட்டார்.

"வருவாகம்மா," என்றார் அண்ணன். "கேட்ல குடுத்த பொருளை வாங்காம யாரு வீட்டுக்குப் போவா?"

எதிர்வீடுதான். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

கொடுக்கவில்லை.

ஒரு ஊக்குக்காக யாராவது திரும்பி வருவார்களா? நீங்களாக இருந்தால் வருவீர்களா?

பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் கூடுதலாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.