எல்லா வசதிகளும் போட்ட கணினி

என் இடது கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் "ஐயோ பாவம்" என்று எழுந்து கதையைக் கெடுக்க வேண்டாம். பிறக்கும்போதே அந்தக் கை சூம்பிப்போயிருந்தது. விரல்கள் பிரியாது. கை முட்டியால் கணினியில் ஒரு நேரத்தில் ஒரு விசையை அழுத்தலாம், அவ்வளவுதான். வலது கைக்கு ஒரு குறையும் இல்லை. அது படம் வரையும். கண்டி நகரத்தில் இருப்பவர் என்றால் அது வரைந்ததை நீங்கள் பார்த்தே இருப்பீர்கள். கல்யாண அட்டை மயில்கள், மரண அறிவித்தல் பனர்களில் சிரித்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்குப் பின்னால் மிதக்கும் மேகங்கள், எல்லாம் என் வேலைதான்.

நான் வேலை செய்யும் அச்சுக் கடை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் இறங்கி வருவேன். முதலாளி அலவத்துகொடை முஸ்லிம். அவருடைய ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

கணினியில் படம் வரைகிறவர்களுக்கு ஒரு கையில் பேனா, மற்றக் கை விசைப்பலகையில். போட்ட கோட்டை அழிக்கக் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்த வேண்டும். இப்படி எல்லாமே இரண்டு இரண்டு விசை. இரண்டு கை உள்ளவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. எனக்கு அந்த வழி இல்லை. நல்ல காலம், கணினிக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. ஸ்டிக்கி கீஸ் என்பார்கள். அதைப் போட்டுவிட்டால் முதலில் ஒரு விசையை அழுத்திவிட்டு எடுக்கலாம், பிறகு மற்றதை அழுத்தலாம். சேர்த்து அழுத்தியதாக அது எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கீச்சென்று ஒரு சத்தம் வரும். "ஒங்கட குருவி கத்துது தங்கச்சி" என்பார் நானா.

அந்தக் குருவியும் லேசுப்பட்டதில்லை. தெரியாமல் முட்டி ஆல்ட் விசையில் பட்டுவிட்டால் அது அழுந்தியபடியே நிற்கும். பேனாவை வைத்தால் நிறம் பூசாது, கீழே இருக்கிற நிறத்தை உறிஞ்சி எடுக்கும். வானத்துக்கு நீலம் பூசப் போய்ச் செத்தவரின் சட்டை நிறத்தோடு திரும்பி வந்த நாட்கள் உண்டு. வேறு யாராவது என் கதிரையில் உட்கார்ந்து இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் குருவி கோபித்துக்கொண்டு தானாக நின்றுவிடும். ஆனாலும் அதன் குணம் எனக்குத் தெரியும். என் குணத்தை அதுவும் சகித்துக்கொண்டது.

போன வருடம், பிள்ளைகளுக்குப் படத்தோடு பாடம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் ஓவியர்கள் இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டிருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. இறந்தவர்களுக்கு மேகம் வரைந்து வரைந்து அலுத்துப் போயிருந்தேன். அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. நான் படித்த புத்தகங்களில் ரோஸ் நிறப் பிள்ளைகள்தான் பந்து விளையாடினார்கள். எங்கள் தோட்டத்து லயத்துப் பிள்ளையின் நிறத்தில் ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த மண்ணிறத்தை எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியும். வெயிலில் அது எப்படி, மழையில் நனைந்தால் எப்படி என்பதும் தெரியும். அதை ஒரு பிள்ளை திரையில் பார்த்து "இது நான்தான்" என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியது.

தேர்வு அவர்களுடைய இடத்தில், அவர்களுடைய கணினியில். அதனால் முன்கூட்டியே போன் பண்ணினேன். பேசியவர் அங்கே பொறுப்பாக இருந்த ஒரு மிஸ், யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"மிஸ், எனக்கு ஒரு கை சரியில்லீங்க. ஸ்டிக்கி கீஸ் மட்டும் போட்டு வச்சா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"ஓம் பிள்ளை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்களுக்கு எல்லா வசதியும் செய்து வைக்கிறம்."

"எல்லாம் வேணாம் மிஸ். அது ஒண்ணு மட்டும்."

"சொன்னாக் கேளுங்கோ. எல்லாம் செய்து தாறம்."

அந்த மனுசி பொல்லாதவர் இல்லை. பொல்லாதவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. சொன்னபடியே செய்தார். கணினியில் அந்த வசதிகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. கண் தெரியாதவருக்கு, காது கேளாதவருக்கு, கை நடுங்குகிறவருக்கு என்று தனித்தனியாக ஒரு பொத்தான். யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ் வரைக்கும் அத்தனையையும் போட்டுவிட்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி மூன்றையும் ஒரே ஆளுக்கு மாட்டிவிட்ட மாதிரி.

தேர்வுக்குப் போனால் எனக்கென்று மூலையில் தனி மேசை, கதிரையில் ஒரு மெத்தைத் தலையணை. மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மழை நாளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வரையச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஹந்தானையில் மழை பார்த்து வளர்ந்தவளிடம் மழை வரையச் சொல்கிறார்கள்! வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

பேனாவை வைத்ததும் கணினிக்குள்ளிருந்து ஒரு இங்கிலீஷ்காரி சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். தூரிகை, அதன் அளவு, இதன் பெயர் என்று நான் தொட்டதையெல்லாம் சபையில் வாசித்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையோ உருப்பெருத்துப்போய், பேனா போகிற பக்கமெல்லாம் ஓடியது. முகம் வரைய ஆரம்பித்தால் கால் வந்து நிற்கும். அழிக்கலாம் என்று விசையை அழுத்தினால் அது ஏற்காது. கை நடுங்குகிறவர்கள் தவறித் தொட்டுவிடக் கூடாது என்று, சட்டென்று பட்டு எடுக்கும் அழுத்தத்தைக் கணினி விழுங்கிவிடும் வசதி அது. அதெல்லாம் போகட்டும். நிறத்தை எடுக்கப் போனேன். நிறமே இல்லை. திரை முழுக்கச் சாம்பல்.

நானே நிறுத்தப் பார்த்தேன். வந்தவர்கள் யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். கையைத் தூக்கினேன், நல்ல கையைத்தான். மிஸ் ஓடி வந்தார்.

"மிஸ், இது எல்லாத்தையும் எடுத்துடுங்க. நான் ஒண்ணுதானே கேட்டேன்."

அவருக்கு முகம் வாடிவிட்டது. பாவம், ஆசையாகச் செய்தது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஐ.டி. மாத்தயா கலகெதரப் பக்கம் ஏதோ வேலையாகப் போயிருந்தார். போனில் அவர் சொல்லச் சொல்ல மிஸ் இங்கிலீஷ்காரியின் வாயை அடைத்தார், உருப்பெருக்கியை மூடினார். விசை விழுங்குவதும் சாம்பலும் போகவில்லை. அதற்குக் கடவுச்சொல் வேண்டுமாம், அதைப் போனில் சொல்ல முடியாதாம். வேறு மேசை கேட்டேன், எல்லாம் நிரம்பியிருந்தது.

"கலர் வருதில்லையாம்" என்று மிஸ் கணினியிலேயே திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பினார். இங்கேதான் அந்தக் கணினி என் கழுத்தை அறுத்தது. அந்தச் சாம்பல் திரையின் கண்ணாடிக்கு மேலே மட்டும்தான். உள்ளே நிறம் பத்திரமாக இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் நிறத்தோடுதான் போய்ச் சேரும். நான் அதை எடுத்துச் சொல்லுமுன் அவர் பதில் சொல்லிவிட்டார். போன் சத்தமாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"படத்தில கலர் எல்லாம் வடிவா இருக்கே மிஸ். அந்தப் பிள்ளைக்குக் கண்ணும் ஏதும் பிரச்சினையோ, கேட்டுப் பாருங்க."

மிஸ் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அதே சாம்பல் திரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "ஏன் பிள்ளை, கண்ணும் சரியில்லை எண்டு முதலே சொல்லேல்லை?"

"என் கண்ணுக்கு என்ன மிஸ்? நீங்க பாருங்க, உங்களுக்குக் கலர் தெரியுதா?"

அவர் குனிந்து பார்த்தார். "எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்கு. ஆனா நான் கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

அழுதால் அதற்கும் ஒரு வசதி செய்து தருவார்கள் என்று அழுகையை விழுங்கிக்கொண்டேன். நிறத்துக்கு எண் இருக்கிறது, அதைத் தட்டிப் போடலாம் என்று பார்த்தால் விசை எண்களையும் விழுங்கியது, அழுத்திப் பிடித்தால் ஒரே எண் வரிசையாக விழுந்தது. மிஸ் என் தோளைத் தட்டினார். "ஏலுமான அளவு கீறுங்கோ. நடுவர்மார் விளங்கிக்கொள்ளுவினம்."

கீறினேன். நிறம் தேர்ந்தெடுக்கும் நிறச் சக்கரத்தில் எந்தப் பக்கம் எந்த நிறம் என்று எனக்கு மனப்பாடம். மண்ணிறம் இருக்க வேண்டிய இடத்தில் பேனாவை வைத்து முகங்களைப் பூசினேன். நீலம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மழை, பச்சை இருக்க வேண்டிய இடத்திலிருந்து தேயிலை. ஆனால் அது என்னுடைய கணினியின் சக்கரம். அங்கிருந்த சக்கரத்தை யாரோ திருப்பி வைத்திருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சில வாரம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். எல்லாருடைய படத்தையும் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். என்னுடையது கடைசியில் வந்தது. பிள்ளைகளின் முகம் பச்சை. பாசி பிடித்த பச்சை. மழை ரோஸ் நிறம். தேயிலைச் செடிகள் நீலம். எங்கள் நிறத்தில் ஒரு பிள்ளையை வரைகிறேன் என்று வந்தவள் செய்துவைத்திருக்கும் காரியத்தைப் பார்!

மண்டபம் கைதட்டியது. நடுவராக வந்த ஒரு பெரியவர் எழுந்து, இது சாதாரணக் கண் பார்க்கும் உலகமில்லை, ஒரு மாற்றுத்திறனாளியின் உள்மனம் படும் வேதனை என்றார். அந்தப் பச்சையில் எவ்வளவு துயரம் என்று பாருங்கள் என்றார். எனக்கு விசேட பரிசு. ஒரு கண்ணாடிக் கேடயம், ஒரு பூங்கொத்து. பூங்கொத்தை நான் எந்தக் கையில் வாங்குவது என்பதைக்கூட அவர்கள் யோசிக்கவில்லை. வேலை இரண்டும் வேறு இரண்டு பேருக்குப் போனது.

கீழே இறங்கி மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், அது துயரம் இல்லீங்க. மண்ணிறம்னு நெனச்சுப் பூசினது. அந்த மெசின்ல கலர் தெரியல. இன்னொரு தரம் வரையக் குடுங்க."

"இதென்ன பிள்ளை, உங்களுக்கு எல்லாரையும் விடப் பெரிய பரிசு கிடைச்சிருக்கு. வேலை எண்டா ஒரே நெருக்கடி. உங்களுக்கு ஏன் அந்தக் கஷ்டம்?"

அன்றைக்கு மழை கொட்டியது. குளத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபடி பூங்கொத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கேடயத்தையும் போட்டிருப்பேன், தொட்டி நிறைந்திருந்தது. நானா அதை என்னிடமிருந்து வாங்கிக் கடையில் வைத்து, விசயம் முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்கட கடையில ஒங்கட ரெண்டு கையப் பத்தியும் யாருக்கும் கவலை இல்ல தங்கச்சி, பனர் நேரத்துக்கு வந்தாச் சரி" என்றார். அதுதான் அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை.

இது அத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் அந்த நிறுவனம் தன் பாடத் திட்டத்தின் நிறைவு விழாவுக்கு ஒரு பெரிய பனர் அடிக்கக் கொடுத்தது. கொடுத்த இடம் எங்கள் கடை. அவர்களுக்கு நான் அங்கே இருப்பது தெரியாது. நானா கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என் படம்தான். மேலே "எல்லோருக்கும் சம வாய்ப்பு" என்று எழுதியிருந்தார்கள்.

"சரி பண்ணிப் போடுங்க" என்றார் நானா. "ஆருக்கு வெளங்கப் போகுது."

அன்று வேறு வேலை எதையும் நான் தொடவில்லை. என் கணினி, என் சக்கரம், என் குருவி. ஒவ்வொரு முகமாக மண்ணிறம் பூசினேன். நனைந்த நெற்றியில் வெளிச்சம் வைத்தேன். மழையை மழையாக்கினேன், தேயிலையைத் தேயிலையாக்கினேன். முடிந்ததும் பார்த்தால் எங்கள் லயத்துப் பிள்ளைகள் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். சந்தோசத்தில் எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

நானா அதை மாதிரி பார்க்க அவர்களுக்குப் போனில் அனுப்பினார். மிஸ்ஸின் குரல் பதிவு உடனே வந்தது. "நிறமெல்லாம் மாறிக் கிடக்கு. அந்தப் பிள்ளையின்ட உணர்வை மாத்தாதேங்கோ. முதல் இருந்த மாதிரியே அடிச்சுத் தாங்கோ."

நானாவுக்குப் பொறுக்கவில்லை. நான் தடுக்குமுன் போனில் பேசி அனுப்பிவிட்டார். "மிஸ், இத வரைஞ்ச புள்ள எங்கட கடையிலதான் ஈக்கி. அவதான் கலரச் சரியாக்கீக்கி. ரெண்டு படமும் அவட கை வேலதான்."

பதில் வர நேரமானது. நான் வேலை செய்வதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை, ஒருவேளை என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பிடியோ! நல்ல சந்தோசம். ஆனா அவவிட்டச் சொல்லுங்கோ, முதல் கீறினதுதான் அவவின்ட உண்மையான படம். இது எல்லாரும் கீறுற படம் மாதிரிக் கிடக்கு."

நானா என் முகத்தைப் பார்த்தார். "என்ன தங்கச்சி செய்ற?"

"கேட்டதையே அடிச்சுக் குடுத்துடுவோம் நானா."

பழைய கோப்பைத் திறந்தேன். பச்சை முகங்கள் வந்து நின்றன. என் திரையில் நிறமெல்லாம் நன்றாகவே தெரிந்தது. முட்டியால் கண்ட்ரோலை அழுத்தினேன். குருவி கத்தியது. கையை எடுத்துவிட்டு, அச்சடிக்கப் பி விசையை அழுத்தினேன்.