தலை முழுகத் தண்ணீர்

அந்தப் பச்சை பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடி ஒடிந்துபோய்க் கயிறு கட்டியிருக்கிறேன். புனலூர், திருப்பூர், இப்போது தென்காசி என்று பிழைப்புக்கு எங்கே போனாலும் துணிமூட்டையோடு அதுவும் வரும். அதில்தான் அண்ணாச்சிக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.

அண்ணாச்சி எங்களுக்குச் சொந்தமில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பள்ளிக்கூடத்தை விட்டுக் கீழப்பாவூரிலிருந்து ஓடிவந்த என்னையும் தம்பியையும் சேர்த்துக்கொண்டு தொழில் கொடுத்தார். எங்கள் அறைக்குள் கேட்காமல் நுழைவார். சட்டியைத் திறந்து, "என்னலே, இன்னைக்கும் புளித்தண்ணிதானா?" என்பார். அந்தக் கேலி இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. போகப்போக வாடிக்கைக்காரர்கள் தம்பியைத் தேட ஆரம்பித்தார்கள். "கெழட்டுக் கை வலிக்கும், நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்று அவன் சிரிப்பான். அவரும் சிரிப்பார்.

தம்பியைக் காணாத அன்று காலையிலிருந்தே சாரல். மதியம் அண்ணாச்சி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "ஒரே வேக்காடா இருக்கு. தலையில ஒரு வாளித் தண்ணி ஊத்துலே" என்றார். ஊற்றினேன். ஈரத்தோடு உள்ளே வந்தார். சட்டியைத் திறக்கவில்லை, போட்டதைச் சாப்பிட்டார். "அவன் எங்கன போயிருவான், வா தேடுவோம்" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். சாயங்காலம் சிற்றாற்றில் உடல் ஒதுங்கியது. என்னைவிட உரக்க அழுதவர் அவர். கொள்ளி வைக்கப் போனபோது நான் விழாமல் பிடித்துக்கொண்டவரும் அவரே.

விசாரிக்க வந்த ஏட்டையா, அன்றைக்கு அறைக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"சாரல்ல எவம்லே வேக்காடுன்னு சொல்லுவான்? உள்ள வந்துட்டுக் குளிச்சாரா, குளிச்சிட்டு உள்ள வந்தாரா?"

"குளிச்சிட்டுத்தான் ஏட்டையா."

"பொணத்தத் தொட்டவன்லா அப்பிடி வருவான்லே! பொணம் கெடைக்கதுக்கு முன்னாலயே துஷ்டிக் குளிப்பு குளிச்சிருக்காரே."

ஸ்டேஷனில் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். ஆற்றங்கரையில் வாய்த்தகராறு. தள்ளியதில் பாறையில் தலை மோதிவிட்டது. மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஆற்றில் உருட்டிவிட்டிருக்கிறார். தள்ளியதைக்கூட ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். ஆனால் தீட்டோடு என் வாசலைத் தாண்டப் பயந்த மனுஷனுக்கு, என் சோற்றைத் தின்னப் பயமில்லை. என் தம்பி சாவுக்குத் தலை முழுக, என் கையாலேயே தண்ணீர் வாங்கிக்கொண்டார்.

போன சீசனில் ஜாமீனில் வந்தவர், தென்காசியில் நான் இருக்கும் அறையைக் கண்டுபிடித்துவிட்டார். மெலிந்திருந்தார். அன்றும் சாரல். வாசலிலேயே நின்றார்.

"ஏலே... உள்ள வரட்டுமாலே?"

"குளிச்சாச்சா அண்ணாச்சி?" என்றேன்.

வாளியைப் பார்த்தார். அது நிறைந்திருந்தது. தெருவில் இறங்கிப் போனார். அவர் முக்குத் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, வாளியைத் தூக்கி அவ்வளவு தண்ணீரையும் என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.