அழகாக இருந்ததால் தப்பித்த பிழை

இன்று அடையாறு ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் ஒரு பெண். கணித ஆராய்ச்சி மாணவி. ஒரே கட்டுரையை இரண்டு விதமாக பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்று அச்சுப் புத்தகம் மாதிரி. ஒவ்வொரு சமன்பாடும் பக்கத்தின் நடுவில், மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டு நின்றது. கணிதம் புரியாத எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

இன்னொன்று கண்றாவி. கோணல் எழுத்து, பின்னங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டிருந்தன.

கடைக்காரர் பதறிவிட்டார். "மேடம், ஃபாண்ட் மாறிடுச்சு போல. வேற எடுத்துத் தரவா?"

"இல்லண்ணா, நான்தான் வேணும்னே மாத்தினேன்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா அப்படி?"

"அழகா இருந்தா எல்லாமே சரியா இருக்கற மாதிரி தெரியுது ஆன்ட்டி. நானும் கைடும் எத்தனையோ வாட்டி படிச்சிட்டோம். நாளைக்கு ஜர்னலுக்கு அனுப்பணும். அசிங்கமா இருந்தாதான் கண்ணு ஒவ்வொரு வரியிலயும் நிக்கும்."

சொல்லிக்கொண்டே கண்றாவியைப் புரட்டியவர் சட்டென்று நின்றார்.

"ஐயோ! இது பூஜ்யமா இருந்தா? நான் பாட்டுக்கு இதால வகுத்து வச்சிருக்கேன்!"

உடனே அழகான பிரதியில் அதே இடத்தைக் காட்டினார். அங்கே அந்தத் தவறு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அழகான அச்சைப் பார்த்து நீங்கள் எதை நம்பினீர்கள்? நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டூர்புரத்தில் எங்கள் ஃபிளாட்டை விற்றவர் கொடுத்த புரோஷர். அதில், சாக்கடையாய்க் கறுத்து நாறும் அடையாற்று நதி நீல நிறத்தில் ஓடுகிறது.