வேலுத்தாய் அக்கா நடத்திவைத்த கல்யாணம்

கோம்பையிலிருந்து உத்தமபாளையத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் போன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் எடுத்தேன். அப்படிப் பழக்கியவரே வேலுத்தாய் அக்காதான். பேசியது தேனியில் மெஸ் நடத்தும் தமிழரசி. "எங்கன இருக்க? வண்டிய நிப்பாட்டிட்டியா?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் அழுதுவிட்டாள். பைபாஸ் ஓரத்து மைதானத்தில், வண்டி பழக வரும் பெண்ணுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா அப்படியே சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த மைதானத்தில் எட்டு போட்டுப் பழகிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டு நம் தோளைப் பிடித்திருந்த அந்தக் கை உங்கள் எல்லோருக்கும் தெரியும். "பிரேக்கு பிடிக்க நீங்களாவே பழகிருவீக. பொம்பளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கிளம்புறதுக்குத்தான் ஆள் வேணும்" என்பார். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கே அவருடைய சாவு வீட்டில்தான் தெரிய வந்தது.

என் இரண்டாம் கல்யாணத்துக்கு முன் நான், அக்கா வண்டி சொல்லிக்கொடுத்த அதே டிரைவிங் ஸ்கூலின் ஆபீசில் விண்ணப்பம் நிரப்பும் வேலையில் இருந்தேன். காய்ச்சலில் கணவரைப் பறிகொடுத்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. சேகர் கோம்பையில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை வைத்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்க வந்த இடத்தில் பழக்கம். கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்ததும் நான் போட்ட திட்டம் இதுதான்: மதுரைக்குப் போய்ப் பதிவு செய்வது, ஹோட்டலில் சாப்பிடுவது, யார் கண்ணிலும் படாமல் பஸ் ஏறித் திரும்பிவிடுவது. ஆண்டிபட்டி தாண்டும் வரை தலையில் பூகூட வைக்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குத்தா மதுரைக்குப் போகணும்? களவாங்கவா போறோம்? இந்தத் தேனியில பூவு இல்லையா, சோறு இல்லையா? நாப்பது பேரக் கூப்பிடுவோம். உனக்கு யாரப் பாத்தாச் சிரிப்பு வருதோ அவுகள மட்டும் கூப்பிடு."

மண்டபம் வேண்டாம், மொத்தமாகப் பேசி முடிக்கும் காண்டிராக்டர் வேண்டாம் என்றார். அவருக்கு எதற்கு காண்டிராக்டர்? பஜாரில் கடை வைத்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் அவரிடம் வண்டி பழகியவர்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போனார்.

பஸ் ஸ்டாண்டுப் பின்சந்தில் தையல் கடை வைத்திருக்கும் நூர்ஜஹானிடம் சாம்பல் நிறத் துணியை நீட்டினேன். அவள் அதைத் தொடாமலே அக்காவைப் பார்த்தாள். "அக்கா, இது ஸ்கூல் மிஸ்ஸு இன்ஸ்பெக்சனுக்குப் போட்டுப் போறதுல்ல?" என்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் அவளே எடுத்துப்போட்டது மாம்பழ மஞ்சள். பூக்கடை சுந்தரியிடம் மாலை மட்டும் போதும் என்றேன். "தலைக்கு?" என்றாள் அவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தலைக்கும்தான்" என்றார் அக்கா, எனக்காக. அவ்வளவுதான், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. இடம் தமிழரசியின் மெஸ் மாடி. சாப்பாடும் அவளே. ஒரு சாம்பார், ஒரு பாயசம், ஆனால் இரண்டும் அவள் கையாலேயே என்று ஒப்பந்தம்.

அடுத்துப் பத்திரிகை. பிரஸ்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு, "அழைப்பது யாரு பேருல?" என்றார். அப்பா இல்லை. அம்மா பயந்துகொண்டிருந்தாள், பேரைப் போடாதே என்று முதல்நாளே கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அக்கா, உங்க பேரப் போடலாமா?"

அவர் ஒரு நிமிடம் எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போடுங்க. பெரிய எழுத்துலயே போடுங்க, கண்ணாடி போடாம வாசிக்கணும்" என்றார். அந்த ஒரு நிமிடத்தை நான் அன்று கவனிக்கவில்லை. இப்போது வேறெதையும் நினைக்க முடியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மெஸ் வாசலில் ஸ்கூட்டர்களாக வந்து நின்றன. சுந்தரி முன்கூடையில் மாலையை வைத்துக்கொண்டு வந்தாள். நூர்ஜஹான் ஊசியும் நூலுமாக வந்து, கடைசி நேரத்தில் என் தோள்பட்டையைப் பிரித்துத் தைத்தாள். மாடிப்படியில் பின்வாங்கி நின்ற அம்மாவை அக்கா தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தாலி ஏறும்போது நான் அழுவேன் என்று எல்லோரும் கைக்குட்டையோடு தயாராக இருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. அக்கா தமிழரசியிடம், "கேட்டியா, கேட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

பிறகு நான் கோம்பைக்கு வந்துவிட்டேன். சின்னமனூரில் அக்காவின் தம்பி மகள் புவனாவுக்குக் கல்யாணம் நடந்ததைக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். அக்காவின் கணவர் அவரை விட்டுப்போய் எத்தனையோ வருடம் ஆகிறது. உறவென்று அவருக்கு இருந்தது அந்தத் தம்பி வீடு ஒன்றுதான். புவனாவை அவர் மடியில் போட்டு வளர்த்தவர்.

"கல்யாணம் எப்பிடிக்கா நடந்துச்சு?"

"அதுக்கென்ன, ஜோரா நடந்துச்சு. சோறுதான் தமிழரசி சோத்துக்கு ஈடாகல."

நானும் சிரித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

அல்லிநகரத்து வாடகை வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தெரு முழுக்க ஸ்கூட்டர்கள். மேலே போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வரவேண்டும் என்று காத்திருந்தோம். புவனா முதலில் தனியாக வந்தாள். அழுது ஓய்ந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் கல்யாணத்துக்கு அத்தை வரல, தெரியுமா?"

"ஜோரா நடந்துச்சுன்னு எங்கிட்டச் சொன்னாகளே."

"அப்பா பத்திரிகையே வைக்கல. உங்க பத்திரிகையில பேரு போட்டதுலருந்து அத்தை எங்க வீட்டு வாசப்படி ஏறல. செத்துப்போன உங்க மொத வீட்டுக்காரரு எங்கம்மாவுக்குப் பெரியப்பா மகன்ல? 'எங்கண்ணன் பொண்டாட்டிக்கு இவ முன்ன நின்னு கல்யாணம் பண்ணிவைப்பாளா'ன்னு ஒரே சண்டை."

உறவுமுறை எனக்குத் தெரியும். அது இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. காலண்டரைப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் தெரிந்திருக்கிறது.

"போன்ல அழுதேன்" என்றாள் புவனா. "'அழுகாத, மை கலைஞ்சா போட்டோவுல பேய் மாதிரி இருப்ப'ன்னாக. அப்புறம், 'கோம்பைக்காரிகிட்ட மட்டும் சொல்லிராத. அவ இப்பத்தான் சிரிக்கப் பழகியிருக்கா'ன்னாக."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். அங்கே அவருடைய தம்பி கோடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றிருந்தார். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"பேரு போடாதன்னு சொன்னேன். 'போட்டாச்சு'ன்னா. அதுதான் நாங்க கடைசியாப் பேசுனது" என்றார். பிறகு, "அவ எங்கன இருக்கா?" என்று, தெரியாதவர்போல் கேட்டார். நான் வழிவிட்டேன். உள்ளே போனவர் சேலையைப் போர்த்த முடியாமல் அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். புவனாதான் வாங்கிப் போர்த்தினாள்.

"அக்கா மனசாரத்தான செஞ்சாக, நீ ஏன் இப்பிடிக் கெடந்து மருகுற?" என்று சேகர் கேட்கிறார். தெரிந்திருந்தால் அன்று பேரைக் கேட்டிருப்பேனா என்று என்னையே நான் கேட்டுப் பார்க்கிறேன். கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு யாரும் இல்லை. ஒருவேளை கேட்டுத்தான் இருப்பேன். உறுத்துவது அதுதான்.

அவருடைய வண்டியைப் புவனா எடுத்துக்கொண்டாள். நாற்காலியை மைதானத்திலேயே போட்டிருக்கிறார்கள். எனக்கென்று அவரிடமிருந்து இருப்பது இந்தக் கோம்பை வீடுதான். காலையில் கடை திறக்கப் போகும் முன் சேகர் தேடும் சாவி, அம்மா திட்டிக்கொண்டே ஊற்றும் தோசை, அதற்கு நான் சிரிக்கும் சிரிப்பு. தன் தம்பி வீட்டு வாசலை விட்டுக்கொடுத்து அவர் எனக்கு வாங்கித் தந்தது இது. கேட்டு வாங்கியவள் நான். இதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, பாழாக்கவும் கூடாது.

நன்றாக இருக்கிறேன், அக்கா. சொல்லக் கூசுகிறது. ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறேன்.