பிளாஸ்க்கில் எட்டு நாள் இருந்த பாயசம்

போன வியாழக்கிழமை எங்கள் மலையிலேயே தங்கி வேலை பார்க்கும் நர்ஸம்மா, எவர்சில்வர் பிளாஸ்க்கும் கையுமாக வாசலில் வந்து நின்றார். மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க பெரிம்மா. இன்னா போட்டு வச்சீங்க இதுல?"

மோந்தேன். வாடையில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவர் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய பிளாஸ்க் அது. என் மருமகள் பிரசவத்துக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வெந்நீருக்கு என்று அவரே கொடுத்தார். இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாமா? எங்கள் பக்கம் வழக்கம் இல்லையே. சாமைப் பாயசம் காய்ச்சி, வாய்வரை ஊற்றி எடுத்துப் போனேன். அவர் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லக் கூச்சம். பையோடு கதவு நாதாங்கியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவரோ ஏதோ டிரெயினிங் என்று எட்டு நாள் கழித்துத்தான் மலையேறி வந்திருக்கிறார்.

மஞ்சள்காமாலை வந்து பிழைத்தவர் அவர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தவிர வேறு குடிக்க மாட்டார். திங்கட்கிழமை ஊர் ஊராக ஊசி போட நடக்க வேண்டும். பிளாஸ்க் நாறினால்? அத்தனை ஏற்றமும் வறண்ட தொண்டையோடுதான். நானே கழுவித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

சோப்புத்தூள் போட்டேன். புளியும் சாம்பலும் போட்டுக் குலுக்கினேன். போகவில்லை. மோர்ப்பானை வாடையடித்தால் தணலில் வேப்பிலை போட்டுப் புகையில் கவிழ்ப்போமே... அதையும் செய்தேன். புளித்த வாடையோடு புகை வாடையும் சேர்ந்துகொண்டது! மண்பானைக்குச் செய்வதை எவர்சில்வருக்குச் செய்தால் அப்படித்தான்.

சனிக்கிழமை, கொதிநீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து ஊற்றி, அரை நாள் ஊறவிட்டேன். புகை போயிற்று. புளிப்பு லேசாக இருந்தது.

ஞாயிறு காலை பிளாஸ்க்கையும் மூடியையும் வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எறும்பு வரிசை. பிளாஸ்க் பக்கம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மூடிக்கே போயின. மூடியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம். கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தால், அடியில் கறுத்துப்போன வெல்லமும் சாமையும்! மூன்று நாளாக நான் பிளாஸ்க்கின் வயிற்றையே தேய்த்திருக்கிறேன்.

வளையத்தைச் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மூடியைத் திறந்தே காயவைத்தேன். வாடை போயே போச்சு.

திங்கட்கிழமை விடிந்ததும் போய்க் கொடுத்தேன். அவர் மோந்து பார்த்தார். வளையத்தை நெம்பிப் பார்த்தார். காய்ச்சிய தண்ணீரை ஊற்றி என் எதிரிலேயே ஒரு மடக்குக் குடித்தார்.

"நல்லாருக்கு பெரிம்மா. இனிமே எதுனா வச்சிட்டுப் போனா, பக்கத்து வூட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நாதாங்கி எனக்கு வந்து சொல்லுமா?"

கட்டாயம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.